மினியா, சிங்கிள் டோரா, பழையதா? சின்ன வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கும் முன்

ஏப்ரல் பிறந்துவிட்டால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே சாயலில் இருக்கும். “வீட்டில் இரண்டே பேர். வாடகை வீடு. மினி ஃப்ரிட்ஜ் போதுமா, சிங்கிள் டோரே வாங்கிவிடலாமா? மாடி வீட்டுக்காரர் காலி செய்கிறார், பழையதை 5,000க்குத் தருகிறேன் என்கிறார், எடுக்கலாமா?” விலையைச் சொல்வார்கள், லிட்டரைச் சொல்வார்கள். எந்தச் சுவரில் பிளக் பாயின்ட் இருக்கிறது, அதில் எர்த் வருகிறதா என்று இதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. நானாகக் கேட்டால், “அதுக்கென்ன, ஒரு ஜங்ஷன் பாக்ஸ் போட்டுக்கலாம்” என்பார்கள், எக்ஸ்டென்ஷன் வயரைத்தான் சொல்கிறார்கள். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதனால் எதை வாங்குவது என்பதற்கு முன், எதை வைத்து முடிவு செய்வது என்று பார்த்துவிடுவோம். சென்னை மாதிரி வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த ஊர், ஒன்றிரண்டு பேர் அல்லது கைக்குழந்தையோடு மூன்று பேர், ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் உள்ள வாடகை வீடு என்று வைத்துக்கொள்கிறேன்.

## முதலில் அளக்க வேண்டியவை

மாவுப் பாத்திரம். லிட்டர் கணக்கை மறந்துவிட்டு, உங்கள் வீட்டு இட்லி மாவுப் பாத்திரத்தின் உயரத்தையும் அகலத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் அதிக இடம் பிடிப்பது அதுதான். மாவு குளிரிலும் மெதுவாகப் பொங்கும். மேலே கால்வாசி காலியாக விட வேண்டும். அப்படி விட்டால் இரண்டு பேருக்கான மாவுக்கே ஒரு ஜாண் உயரப் பாத்திரம் ஆகிவிடுகிறது. திருமணமான புதிதில், என் பேச்சிலர் காலத்து மினி ஃப்ரிட்ஜில் மாமியார் கொடுத்தனுப்பிய தூக்கை நுழைக்கப் பார்த்தேன். மூடியைக் கழற்றிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், கடைசியில் ஒரே மாவை நான்கு டிபன் டப்பாவில் பிரித்துப் போட்டேன். ஆறு மாதத்தில் அந்த ஃப்ரிட்ஜ் கைமாறியது. பாக்கெட் மாவு வாங்குகிற வீடு என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

பிளக் பாயின்ட். ஃப்ரிட்ஜுக்குத் தனி சாக்கெட் வேண்டும், அதில் உண்மையான எர்த், அதாவது கசியும் கரண்ட்டைத் தரைக்குக் கொண்டுபோகும் கம்பி, வேண்டும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் அழகாக இருக்கும், பின்னால் பச்சைக் கம்பியே இருக்காது. லைன் டெஸ்டர் ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும், எர்த்தைச் சொல்லாது. எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரச்சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரு வோல்ட் இருக்கலாம். அது சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலர் வேலையைக் குறைக்க நியூட்ரலையே எர்த் ஓட்டைக்கு லூப் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கோ நியூட்ரல் அறுந்தால், ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்கக் கரண்ட் வந்து நிற்கும். ஈரக்கையோடு, வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்று நாம் தொடும் பொருள் அது. மெயின் பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச், இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள்.

ஜங்ஷன் பாக்ஸ் ஏன் கூடாது? ஓடும்போது ஃப்ரிட்ஜ் இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவுதான். ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் அது பல மடங்கு எகிறும். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை இப்படி நடக்கும். மெல்லிய கம்பி, தளர்ந்த காண்டாக்ட், அதிலேயே மிக்ஸியும் செல்போன் சார்ஜரும் இருந்தால் சூடு அங்கே கூடிக்கொண்டே போகும். மிக்ஸியை ஐந்து நிமிடத்தில் அணைக்கிறோம். ஃப்ரிட்ஜ் நாம் தூங்கும்போதும் ஓடுகிறது.

இடமும் வெக்கையும். பின்னால் ஒரு சாண் இல்லாவிட்டாலும் நான்கு விரல்கடையாவது, அதாவது ஏழெட்டு சென்டிமீட்டர் வேண்டும். 10 இருந்தால் உத்தமம். இப்போது வரும் பலவற்றில் சூட்டை வெளியேற்றும் கம்பிச்சுருள் பக்கவாட்டுத் தகட்டுக்குள்ளேயே இருக்கிறது. “சைடு எல்லாம் கொதிக்குது, பிரச்சினையா?” என்று பயந்துபோய்க் கேட்பவர்கள் உண்டு. பிரச்சினை இல்லை, அது வேலை செய்கிறது. ஆனால் பீரோவுக்கும் சுவருக்கும் இடையே நெருக்கித் தள்ளினால் அந்தச் சூடு போக இடமில்லை. பின்புற லேபிளில் க்ளைமேட் க்ளாஸ் என்று ஓர் எழுத்து இருக்கும்: ‘டி’ என்றால் 43 டிகிரி வரை தாங்கும், ‘எஸ்.டி.’ என்றால் 38, வெறும் ‘என்’ என்றால் 32. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லி விற்கும் மினி வகைகளில் இதை அவசியம் பாருங்கள். மே மாதத்து மொட்டைமாடி அறை 32 டிகிரியில் நிற்காது.

சமையலறையா ஹாலா என்றால், முடிந்தவரை ஹால். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். ஃப்ரிட்ஜின் கம்ப்ரசரும் அதைக் கிளப்பும் ரிலேயும் இருப்பது தரையோரத்தில். நீங்கள் ஸ்விட்சைத் தொடாமல் இருந்தாலும், அது தானாகக் கிளம்பும்போது ஒரு சின்னப் பொறி போதும். ஒரே அறை வீடு, வேறு வழியில்லை என்றால் சிலிண்டருக்கு எதிர்க்கோடியில் வையுங்கள், இரவில் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

மொத்தச் செலவு. கடை விலை ஒரு பாதி. கரண்ட், ஸ்டெபிலைசர், பாயின்ட் போடும் கூலி, வீடு மாறும்போது ஏற்றி இறக்கும் கூலி, ரிப்பேர் எல்லாம் மறுபாதி. வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் வாங்கும் வீடுகளில், மின்வாரியம் தரும் இலவச யூனிட் உங்கள் கைக்கு வராது. அந்த வீட்டில் யூனிட் கணக்கு ரொம்ப முக்கியம்.

இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## மினி ஃப்ரிட்ஜ் (45 முதல் 100 லிட்டர்)

விலை ஏறத்தாழ 9,000 முதல் 12,500. சின்னது, ஆட்டோவிலேயே ஏற்றலாம், ஒருவரே தூக்கிவிடலாம். வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

சின்னது என்பதால் கரண்ட் குறைவாக இழுக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கடையில் இரண்டு லேபிள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மினி வகையில் ஏறத்தாழ 110 முதல் 150 யூனிட், 190 லிட்டர் சிங்கிள் டோரில் 100 முதல் 160 யூனிட் என்று ஒரு வருடக் கணக்கு போட்டிருக்கும். கால்வாசியோ பாதியோ கொள்ளளவுக்கு ஏறத்தாழ அதே கரண்ட். சின்னப் பெட்டிக்கு உள்ளிருக்கும் இடத்தைவிடச் சுவர்ப்பரப்பு விகிதத்தில் அதிகம், வெக்கை உள்ளே வரும் வழியும் அதிகம். நல்ல கம்ப்ரசரையும் தடித்த இன்சுலேஷனையும் கம்பெனிக்காரர்கள் பெரிய மாடலுக்குத்தான் தருகிறார்கள்.

மேலே இருக்கும் ஃப்ரீசர் என்பது ஒரு ஐஸ் தட்டு வைக்கும் அறை, அவ்வளவே. ஐஸ்கிரீம் குழையும். மீன் வாங்கி ஒரு வாரம் வைக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். டோர் ரப்பர் போய்விட்டால் அதே அளவு கிடைப்பது சிரமம். மெக்கானிக்கும் “இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடுங்க” என்பார்.

பாதுகாப்பு விஷயத்தில் மினிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: அது சின்னதாக, அழகாக இருப்பது. டேபிளுக்கு அடியில் செருகுகிறார்கள், துணி அலமாரிக்குள் வைக்கிறார்கள், மேலே ஒரு டவலை விரித்து டி.வி.யை வைக்கிறார்கள். கட்டில் பக்கத்தில் இருப்பதால் வயர் மெத்தைக்கு அடியில் போகிறது. 190 லிட்டரை யாரும் அலமாரிக்குள் வைக்கப் போவதில்லை.

இன்னொன்று. கம்ப்ரசரே இல்லாமல், 20, 30 லிட்டரில், மின்தகடு மூலம் குளிர்விக்கும் பெட்டிகள் இணையக் கடைகளில் ‘மினி ஃப்ரிட்ஜ்’ என்ற பெயரிலேயே விற்கின்றன. இவற்றில் பல, அறை வெப்பத்திலிருந்து 15, 20 டிகிரிதான் குறைக்கும். 38 டிகிரி அறையில் உள்ளே 18 டிகிரி. தண்ணீர் பாட்டிலுக்குச் சரி. பாலும் குழம்பும் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டியவை, அவை கெட்டுப்போகும். இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், அதற்கும் ஆகாது. வாங்கும் முன் கம்ப்ரசர் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மினி யாருக்குச் சரி: தனியாக இருந்து வெளியே சாப்பிடுபவர், இன்சுலின் மட்டும் வைக்க வேண்டிய முதியவரின் அறை, டியூஷன் சென்டர், சின்ன கிளினிக், மாடியில் தாய்ப்பால் எடுத்து வைக்கும் பிள்ளைபெற்ற பெண். இன்சுலினை ஐஸ் அறையை ஒட்டி வைக்காதீர்கள்; உறைந்த இன்சுலினைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. மினியில் எல்லாமே ஐஸ் அறையை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் கதவுத் தட்டு நல்லது.

## சிங்கிள் டோர், 180 முதல் 195 லிட்டர்

விலை 13,000 முதல் 18,000. சின்னக் குடும்பத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான், ஆனால் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய சில இடங்கள் உண்டு.

நடுத்தட்டு ஒன்றைக் கழற்றினால் மாவுப் பாத்திரம் உட்காரும். காய் டப்பா, பால் பாக்கெட், நேற்றைய குழம்பு எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், தெருவுக்கு ஒரு மெக்கானிக்குக்கு இதன் வயிறு தெரியும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் ‘ஸ்டெபிலைசர் தேவையில்லை’ வகைகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை என்று அட்டையில் படியுங்கள். சாயங்காலம் ஃபேன் தள்ளாடுகிற, பல்பு மங்குகிற தெருவில் இருந்தால், ‘டைம் டிலே’ உள்ள ஸ்டெபிலைசருக்கு 1,500 முதல் 2,500 ஒதுக்கிவிடுங்கள். கரண்ட் போய் உடனே வரும்போது கம்ப்ரசர் அழுத்தம் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அந்த டிலே அதற்குத்தான்.

மறைந்திருக்கும் செலவுகளில் நான் முதலில் சொல்வது உத்தரவாதம் பற்றியது. ‘கம்ப்ரசருக்கு 10 வருடம்’ என்பது பெரும்பாலும் அந்தப் பாகத்துக்கு மட்டும். உள்ளே குளிர்விக்கும் கேஸ் அடிக்கும் செலவு, கூலி, வண்டி வாடகை எல்லாம் உங்கள் தலையில். அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும். அப்புறம் ஸ்டார். ஸ்டார் அளவுகோல் அவ்வப்போது இறுகுவதால், பழைய லேபிளின் 5 ஸ்டாரும் புதிய லேபிளின் 5 ஸ்டாரும் ஒன்றல்ல. நட்சத்திரத்தை எண்ணாமல், லேபிளில் போட்டிருக்கும் வருட யூனிட்டைப் படியுங்கள். 1,500 ரூபாய் கூடுதல் கொடுத்து வருடத்துக்கு 40 யூனிட் மிச்சமானால், எட்டு ரூபாய் சப் மீட்டர் வீட்டில் அது திரும்பி வர நாலே முக்கால் வருடம் ஆகும். சொந்த மீட்டரில், இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் இருக்கிற வீட்டில், பத்து வருடம் ஆனாலும் வராது. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

இந்த வகையின் தலைவலி ஐஸ். டைரக்ட் கூல், அதாவது பனியைத் தானாகக் கரைக்காத வகை என்பதால் ஃப்ரீசரில் பனி கட்டிக்கொண்டே வரும். அரை சென்டிமீட்டர் தடிப்பு வந்ததும் தெர்மோஸ்டாட், அதாவது குளிர் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், நடுவில் இருக்கும் பட்டனை அழுத்திவிட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காதவன் கதையைச் சொல்கிறேன். ஒட்டிக்கொண்ட பால் பாக்கெட்டை எடுக்க நான் வெண்ணெய்க் கத்தியால் ஒரு நெம்பு நெம்பினேன். ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், நல்ல பாம்பு சீறுவது மாதிரி. ஃப்ரீசரின் அந்த அலுமினியச் சுவருக்குள்ளேயேதான் கேஸ் ஓடும் வாய்க்கால்கள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மெக்கானிக் ஒட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. ஐந்து வருடம் நன்றாக ஓடிய ஃப்ரிட்ஜ், ஒரு பால் பாக்கெட்டுக்காகப் போனது.

அந்த கேஸ் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புதியவற்றில் பெரும்பாலும் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சிகரெட் லைட்டரில் இருக்கும் கேஸின் உடன்பிறப்பு. தீப்பிடிக்கும். பயப்படவும் வேண்டாம்: சின்ன ஃப்ரிட்ஜில் இருப்பது சில பத்து கிராம்தான். எட்டு கிராம் கேஸுக்கு ஒரு கன மீட்டர் அறை இடம் என்பது கம்பெனிக் கையேடுகளில் வரும் கணக்கு. 40 கிராமுக்கு 5 கன மீட்டர் போதும். பத்துக்குப் பத்து அடி அறையே 25 கன மீட்டர் இருக்கும். ஃப்ரிட்ஜைச் சின்ன அலமாரிக்குள்ளோ ஜன்னலே இல்லாத ஸ்டோர் ரூமிலோ அடைக்கும்போதுதான் இந்தக் கணக்கு உதைக்கிறது. சீறல் கேட்டால் அந்த அறையில் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்காதீர்கள். ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு, அறைக்கு வெளியே இருக்கும் மெயினை அணையுங்கள்.

240 லிட்டர் டபுள் டோர், ஐஸ் கட்டாத ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை 22,000க்கு மேல். மாதம் இரண்டு கிலோ மீன், கறி வாங்கி வைக்கும் வீட்டுக்கு நியாயம். மற்றவர்களுக்கு இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.

## பழைய ஃப்ரிட்ஜ்

4,000 முதல் 7,000. மூன்றில் இதுதான் மலிவு, இதுதான் ஆபத்தும் அதிகம். ஆனால் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஐந்து வருடத்துக்குள் வாங்கிய ஃப்ரிட்ஜ், யார் வைத்திருந்தார் என்று தெரியும், அவர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க முடிகிறது என்றால் தாராளமாக எடுக்கலாம். பெயிண்ட் அடித்து, தண்ணீர் ஊற்றித் துடைத்து, கடை வாசலில் வரிசையாக நிற்கும் பழையவற்றைப் பற்றித்தான் கவலை.

பார்க்க வேண்டியது இப்படி. காலையில் போய், இரண்டு மணி நேரம் அங்கேயே இருங்கள். கம்ப்ரசர் ஓடி, குளிர்ந்து, ‘டக்’ என்று தானாக நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கேஸ் குறைந்திருக்கலாம், டோர் ரப்பர் போயிருக்கலாம், தெர்மோஸ்டாட் கெட்டிருக்கலாம். எதுவானாலும் கரண்ட் தின்னும், சூடாகும். கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். நான்கு பக்கமும் பிடித்து வர வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. பின்னால் குனிந்து வயரைப் பாருங்கள்: ஒட்டுப்போட்ட டேப், வெட்டி மாற்றிய இரண்டு பின் பிளக், எலி கடித்த தடம் ஏதாவது இருந்தால் விலை பேசாமல் திரும்பி வாருங்கள். எர்த் பின்னை உடைத்து எறிந்துவிட்டு “நல்லா ஓடுதே” என்பவர்களும் இருக்கிறார்கள்.

அதைவிட முக்கியம், உள்ளே இருப்பது என்ன கேஸ் என்பது. கம்ப்ரசர் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் ஆர்-134ஏ (தீப்பிடிக்காத பழைய வகை) அல்லது ஆர்-600ஏ என்று இருக்கும். லேபிளில் ஒன்று, உள்ளே இன்னொன்று என்பதுதான் பழைய சந்தையின் பிரச்சினை. செலவைக் குறைக்கச் சமையல் கேஸையே அடித்துவிடுகிற தெரு மெக்கானிக்குகள் உண்டு. ஆர்-134ஏ-க்காகச் செய்த ஃப்ரிட்ஜில் தெர்மோஸ்டாட், விளக்கு ஸ்விட்ச், ரிலே எதுவும் தீப்பிடிக்கும் கேஸை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ‘போன வருஷம்தான் சார் கேஸ் அடிச்சது’ என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், நான் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. என்ன கேஸ், எங்கே கசிந்தது, அந்த ஓட்டையை அடைத்தாரா என்று கேட்பேன். கசிவு இல்லாமல் கேஸ் குறையாது.

நாள்பட மூடிக் கிடந்த ஃப்ரிட்ஜை மறுபடி ஓட்டுவது தனி அபாயம். 2022 நவம்பரில், சென்னைக்குத் தெற்கே ஊரப்பாக்கத்தில், மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பி வந்து தங்கிய குடும்பத்தில், இரவில் ஃப்ரிட்ஜ் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். எரிந்து அல்ல, புகையில் மூச்சுத் திணறி. ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்க நுரையும் பிளாஸ்டிக்கும். பற்றினால் வரும் புகை நிமிடங்களில் அறையை நிரப்பும். ஆறு மாதம் ஓடாத ஃப்ரிட்ஜ் என்றால், முதலில் மெக்கானிக் வயரிங், ரிலே, இன்சுலேஷன் பார்க்கட்டும். முதல் நாள் பகலில், ஆள் விழித்திருக்கும்போது ஓட்டுங்கள். அன்றிரவு அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

செலவுக் கணக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் தளர்ந்த பத்து வருடப் பழசு வருடம் 300 யூனிட் தின்றால், எட்டு ரூபாய் வீட்டில் ஐந்து வருடத்துக்கு 12,000. அதில் ஒரு முறை கேஸ், ஒரு முறை ரிலே என்று 3,000. வாங்கிய 5,000 சேர்த்து 20,000. அதே வீட்டில் 14,500 ரூபாய் புது சிங்கிள் டோர், வருடம் 140 யூனிட் என்றால் ஐந்து வருடத்தில் 20,100. கையில் ஒரே நாளில் அவ்வளவு இல்லை என்பதுதான் பலருக்கு உண்மையான காரணம். அதைக் குறை சொல்ல முடியாது, வட்டியில்லாத தவணை கிடைக்கிறதா என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

மாத வாடகைக்கு ஃப்ரிட்ஜ் தரும் கம்பெனிகளும் பெரிய ஊர்களில் உண்டு. ஒரு வருடத்துக்குள் ஊர் மாறப் போகிறவருக்கு அது நல்ல வழி. வருவதும் பழசுதான், மேலே சொன்ன சோதனைகளை, கொண்டுவருபவர் காத்திருக்கும்போதே செய்யுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மினி | சிங்கிள் டோர் | பழையது |
|---|---|---|---|
| மாவுப் பாத்திரம் | நுழையாது | நுழையும் | அளவைப் பொறுத்து |
| வருடக் கரண்ட் (ஏறத்தாழ) | 110–150 யூனிட் | 100–160 யூனிட் | 200–300, மேலும் கூடலாம் |
| வீடு மாறும்போது | ஆட்டோ | குட்டி யானை, இரண்டு ஆள் | அதே, வழியில் கெடும் பயமும் |
| ரிப்பேர் | உதிரிபாகம் சிரமம் | எளிது | அடிக்கடி |
| பெரிய ஆபத்து | காற்றில்லாத இடத்தில் அடைப்பது | ஐஸைக் கத்தியால் நெம்புவது | வயரிங்கும் தெரியாத கேஸும் |
| எர்த் பாயின்ட் | கட்டாயம் | கட்டாயம் | கட்டாயம் |

கடைசி வரியில் மட்டும் மூன்றும் ஒன்றுதான். கையில் 15,000 இருந்து வீட்டில் எர்த் இல்லை என்றால், 13,000க்கு ஃப்ரிட்ஜும் மீதிக்கு எர்த் கம்பி இழுத்த ஒரு பாயின்ட்டும் என்று பிரிப்பேன். வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், ஏற்கெனவே எர்த் உள்ள சாக்கெட் எந்தச் சுவரில் இருக்கிறதோ அங்கே எது பிடிக்கிறதோ அதுதான் உங்கள் ஃப்ரிட்ஜ். அந்த இடம் மினிக்குத்தான் ஆகும் என்றால் மினியை வாங்கிப் பாக்கெட் மாவுக்கு மாறுங்கள். மாவுக்காக ஜங்ஷன் பாக்ஸில் 190 லிட்டரை ஓட்ட வேண்டாம்.

## வந்து இறங்கும் நாள்

நிற்க வைத்தே கொண்டுவரச் சொல்லுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். நிமிர்த்தி வைத்து மூன்று, நான்கு மணி நேரம் கழித்துப் போடுங்கள். படுக்க வைத்து வந்தது தெரிந்தால் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். டெலிவரி பையன் உடனே போட்டுக் காட்டுகிறேன் என்பான், அவனுக்கு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.

ஸ்டாண்ட் நான்கு காலும் ஆடாமல் உட்கார வேண்டும். லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருந்தால் கதவு தானாக மூடிக்கொள்ளும். கம்பெனி தந்த பிளக்கை வெட்டாதீர்கள். சாக்கெட் பொருந்தவில்லை என்றால் மாற்ற வேண்டியது சாக்கெட்டை. ஒரு வாரம் கழித்து, ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கின் மேல் விரல் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் காண்டாக்ட் தளர்வு. அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கதவைத் தொட்டால் சுரீர் என்கிறதா, செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே பிளக்கை எடுங்கள்.

தினசரிப் பழக்கத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. சூடான சாம்பாரை ஆறவிட்டு வையுங்கள், ஆனால் ராத்திரி முழுக்க வெளியே விடாமல் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போகட்டும். பின்பக்கத் தட்டில் தேங்கும் தண்ணீரை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கொட்டுங்கள், கொசு அங்கேதான் முட்டையிடும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதாக இருந்தால் அது சைன் வேவ் வகையாக, கம்ப்ரசர் கிளம்பும் இழுப்பைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

பழையதைத் தூக்கிப்போடும்போது கதவைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே போய் மூடிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், உள்ளே இருப்பதைக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, துடைத்துக் காயவிட்டு, கதவிடுக்கில் ஒரு மடித்த துண்டைச் செருகி லேசாகத் திறந்தபடி விட்டுப் போங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் துண்டுக்கு மேலே ஒரு கயிற்றையும் கட்டிவிடுங்கள், திறப்பு இரண்டு விரல் அளவைத் தாண்டாமல்.